நான்கு டிஸ்க் நாஸ் வாங்குமுன் மென்பொருளை எடைபோடுங்கள்

அன்புள்ள திருச்சி வாசகருக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தின் சாரத்தை மற்ற வாசகர்களுக்காக முதலில் தருகிறேன். வீட்டில் ஏழெட்டு வெளிப்புற ஹார்ட் டிஸ்க்குகளிலும் இரண்டு பழைய மடிக்கணினிகளிலும் சிதறிக் கிடக்கும் குடும்பப் படங்கள், காணொளிகள், பத்திர நகல்கள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 5 டிபி இருக்கின்றன. அவற்றை ஒரே இடத்தில் சேர்க்க, ஆயத்தமாக விற்கும் நான்கு டிஸ்க் நாஸ் (வீட்டு வலையில் இணைந்து எல்லோருக்கும் கோப்புகளைத் தரும் சேமிப்புப் பெட்டி) ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறீர்கள். எல்லோருடைய கைபேசிப் படங்களும் தாமாக அதில் வந்து சேர வேண்டும், கூடத்து டிவியில் படம் ஓட வேண்டும், சிங்கப்பூரில் இருக்கும் மகள் அங்கிருந்தே படங்களைப் பார்க்க வேண்டும். கல்லூரியில் படிக்கும் மகன் கியூநாப் நிறுவனத்தின் 464-ஐ வாங்கச் சொல்கிறார். அலுவலக நண்பர் சினாலஜி நிறுவனத்தின் 925+ போதும் என்கிறார். மகன் வன்பொருள் அட்டவணையைக் காட்டுகிறார், நண்பர் மென்பொருளைக் காட்டுகிறார். எதற்கு அதிக எடை கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மென்பொருளுக்கே அதிக எடை கொடுங்கள் என்பது என் பதில். ஆனால் உங்கள் மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டு இந்தப் பதிலை ஏற்றுக்கொண்டால், வாங்கிய பிறகு ஏதோ ஓர் இடத்தில் இடிக்கும். ஆகவே அவர் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கியூநாப் 464-இல் இன்டெல் செலிரான் என்5095 ப்ராசஸர், 8 ஜிபி ராம், டிவியில் நேராகச் செருகும் எச்டிஎம்ஐ துளை, பிற்காலத்தில் 10 ஜிகாபிட் அட்டை போட்டுக்கொள்ள ஒரு பிசிஐஇ இடம் ஆகியவை உள்ளன. சினாலஜி 925+-இல் ஏஎம்டி ரைசன் வி1500பி ப்ராசஸர், 4 ஜிபி ராம். எச்டிஎம்ஐ இல்லை, பிசிஐஇ இடமும் இல்லை. இரண்டிலும் 2.5 ஜிகாபிட் வலைத் துளைகள் இரண்டிரண்டு உண்டு. அட்டவணையை மட்டும் பார்த்தால் மகன் சொல்வதே சரி. ஆனால் அந்த அட்டவணையில் வழக்கமாகக் கண்ணில் படாத ஒரு வேறுபாடும் இருக்கிறது. சினாலஜியில் உள்ளது இசிசி வகை ராம். நினைவகத்தில் ஒரு பிட் புரண்டுவிட்டால் அதைக் கண்டுபிடித்துத் திருத்தும் ஆற்றல் அதற்கு உண்டு. 464-இல் அது இல்லை. பல ஆண்டுகள் இடைவிடாமல் ஓடி, திரும்ப எடுக்கவே முடியாத படங்களைக் காக்கப்போகும் ஒரு பெட்டியில், கூடுதல் 4 ஜிபியைவிட இதை நான் மேலாக மதிக்கிறேன்.

இனி, உங்கள் வீட்டில் இந்த வலிமை எங்கே செலவாகும் என்று பார்க்கலாம். இன்றைய ஹார்ட் டிஸ்க் ஒன்று தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு 150 முதல் 250 எம்பி வரை தரும். உங்கள் ரவுட்டரில் இருப்பவை 1 ஜிகாபிட் துளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றின் வழியே நடைமுறையில் நொடிக்கு 110 எம்பி அளவுதான் போகும். அதாவது ஒரே ஒரு டிஸ்க்கின் வேகத்தைக்கூட உங்கள் கம்பி முழுமையாகச் சுமக்காது. வைஃபையில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். கோப்பை வாங்கி வைப்பது, திருப்பிக் கொடுப்பது ஆகிய வேலைகளில் இரண்டு ப்ராசஸர்களும் பெரும்பகுதி நேரம் கம்பிக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கும். 5 டிபியை முதன்முறையாக ஏற்ற இந்த வேகத்தில் ஏறத்தாழ 13 மணி நேரம் ஆகும். சிறு கோப்புகள் நிறைய இருந்தால் அதற்கும் மேல். 2.5 ஜிகாபிட் ஸ்விட்ச் வாங்கிப் போட்டாலும் இந்த முதல் ஏற்றம் அவ்வளவாக விரைவுபடாது, ஏனெனில் உங்கள் பழைய வெளிப்புற டிஸ்க்குகள் படித்துக் கொடுக்கும் வேகமே அந்த 110-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

வன்பொருள் உண்மையாகவே தீர்ப்புச் சொல்லும் இடம் டிவியில் படம் பார்ப்பது. ஒரு படக் கோப்பு எந்த வடிவில் இருக்கிறதோ அதே வடிவில் டிவி அதை வாங்கி ஓட்டினால் நாஸுக்கு வேலையே இல்லை. கோப்பை அனுப்பினால் போதும். டிவிக்கு அந்த வடிவம் தெரியாவிட்டாலும், படமாகப் பதிந்திருக்கும் வகைச் சப்டைட்டிலைக் காட்சியோடு சேர்த்து ஒட்டவேண்டியிருந்தாலும், குறைந்த வேகமுள்ள இணைப்பில் மகள் சிங்கப்பூரிலிருந்து பெரிய காணொளியைப் பார்க்க முயன்றாலும், நாஸ் அதை அந்த நொடியிலேயே வேறு வடிவுக்கு மாற்றித் தரவேண்டும். என்5095-க்குள் இருக்கும் இன்டெல் கிராபிக்ஸ் பகுதி இதைச் சிரமமின்றிச் செய்யும். 925+-இன் ப்ராசஸரில் கிராபிக்ஸ் பகுதியே கிடையாது. 4கே காணொளியை வெறும் ப்ராசஸரைக் கொண்டு மாற்ற முயன்றால் படம் நின்று நின்று ஓடும். இந்தக் குறையை எந்த மென்பொருளாலும் ஈடுகட்ட முடியாது. உங்கள் வீட்டில் இது எவ்வளவு தேவைப்படும் என்பதை வாங்குவதற்கு முன்பே சோதித்துவிடலாம். நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் படக் கோப்புகள் சிலவற்றை பென் டிரைவில் போட்டு டிவியில் நேராகச் செருகிப் பாருங்கள். அவை ஓடினால், நாஸிலிருந்தும் பெரும்பாலும் மாற்றமின்றியே ஓடும். அப்படியானால் மகனின் வாதத்தில் மிக வலுவான பகுதி உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

ராம் பற்றிய கவலையும் ஓரளவு நியாயமானதே. செயலிகளைத் தனித்தனிப் பொதிகளாக ஓட்டும் டாக்கர் வழியாக இம்மிச் போன்ற படத் தொகுப்புச் செயலிகளை ஓட்ட மகன் விரும்பினால் 4 ஜிபி போதாது. ஆனால் ராம் பிறகு சேர்க்கக்கூடியது. 925+ 32 ஜிபி வரை ஏற்கும். டிஸ்க்கும் அப்படித்தான், ஸ்விட்ச்சும் அப்படித்தான். பெட்டியோடு வரும் இயங்குதளத்தை அப்படி எளிதாக மாற்ற முடியாது. பெட்டி இருக்கும்வரை பெரும்பாலும் நீங்கள் அதனோடுதான் வாழவேண்டும். அதனால்தான் அதை முதலில் எடைபோடச் சொல்கிறேன்.

மென்பொருள் என்றவுடன் பலரும் திரையின் அழகையும் செயலிகளின் எண்ணிக்கையையும் நினைக்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை ஆண்டுகள் வரும், தவறாக அழித்த கோப்பை எப்படி மீட்பது, டிஸ்க் கெடத் தொடங்கும்போது பெட்டி யாருக்கு எப்படிச் சொல்லும், பெட்டியே செத்துவிட்டால் டிஸ்க்குகளிலிருந்து படங்களை வெளியே எடுக்க வழி உண்டா ஆகிய கேள்விகளுக்கு விடை வேண்டும்.

முதல் கேள்விக்கு 2021 ஜூன் மாதம் நடந்தது நல்ல சான்று. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மை புக் லைவ் என்ற வீட்டுச் சேமிப்புப் பெட்டியை வைத்திருந்த பலர், ஒருநாள் காலையில் அதில் ஒன்றுமே இல்லாததைக் கண்டார்கள். யாரோ இணையம் வழியே புகுந்து, அந்தப் பெட்டிகளைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு மீட்டமைத்திருந்தார்கள். டிஸ்க் நன்றாகச் சுழன்றது, ப்ராசஸருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்கு 2015-க்குப் பிறகு மென்பொருள் திருத்தம் எதுவும் வரவில்லை. வன்பொருள் உயிரோடு இருக்க, மென்பொருளின் ஆயுள் முன்பே முடிந்துபோயிருந்தது. அந்த இடைவெளியில்தான் படங்கள் போயின.

கியூநாப்பின் வரலாற்றை இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2021 ஏப்ரலில் கியூலாக்கர் என்ற கும்பல் அந்நிறுவனத்தின் நாஸ்களில் புகுந்து, கோப்புகளைக் கடவுச்சொல் போட்ட 7-ஜிப் பொதிகளுக்குள் பூட்டிவிட்டு, திறக்க 0.01 பிட்காயின் கேட்டது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் வந்தது. அது கேட்டது 0.03 பிட்காயின். அதே டெட்போல்ட் அடுத்த மாதமே அசுஸ்டோர் நாஸ்களையும் தாக்கியது. அந்த ஆண்டு அக்டோபரில் நெதர்லாந்துக் காவல்துறை, பணம் அனுப்புவதுபோல் அனுப்பிச் சாவிகள் வந்தவுடன் பரிமாற்றத்தைத் திரும்பப் பெற்று, 150-க்கும் மேற்பட்ட சாவிகளை அந்தக் கும்பலிடமிருந்து கறந்தது. சினாலஜியும் தப்பவில்லை; 2014 ஆகஸ்டில் சினோலாக்கர் என்ற தாக்குதல் அதன் பழைய இயங்குதளத்தில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தியது. அந்த ஓட்டைக்கான திருத்தம் 2013 டிசம்பரிலேயே வெளிவந்திருந்தது. திருத்தத்தைப் போடாதவர்களே மாட்டினார்கள். இந்த நிகழ்வுகள் எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது, பெட்டி இணையத்துக்கு நேராகத் திறந்திருந்தது என்பது. ஆகவே எந்தப் பெட்டியை வாங்கினாலும், ரவுட்டரில் அதற்கு வாசல் திறந்துவிடாதீர்கள். 'வெளியிலிருந்து பார்க்க முடியவில்லை, போர்ட் திறந்துவிடுங்கள்' என்று யாராவது அறிவுரை சொன்னால் மறுத்துவிடுங்கள்.

மகளுக்கு வேறு வழி இருக்கிறது. சினாலஜியின் குவிக்கனெக்ட், கியூநாப்பின் கிளவுட் லிங்க் இரண்டும் இடைநிலைச் சேவையகம் வழியாக இணைப்பவை. இவற்றைவிட நான் பரிந்துரைப்பது டெயில்ஸ்கேல். இரண்டு பெட்டிகளிலும் அதை நிறுவலாம். மகளின் கைபேசியிலும் அதைப் போட்டுவிட்டால், உங்கள் வீட்டு வலைக்குள் இருப்பதுபோலவே அவர் இணைவார். ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை. இங்கே பல வீட்டு இணைய இணைப்புகளுக்குத் தனிப் பொது முகவரி கிடைப்பதில்லை என்பதால், போர்ட் திறக்கும் பழைய முறை பெரும்பாலும் பலிக்கவும் பலிக்காது. உங்கள் இணைப்பின் ஏற்று வேகம் 100 மெகாபிட் என்றால் நொடிக்கு 12 எம்பிதான். படங்களுக்கு அது தாராளம்.

அழித்ததை மீட்பதில் இரண்டு பெட்டிகளுக்கும் ஸ்னாப்ஷாட் (கோப்புகளின் அந்நேர நிலையைப் பதிந்து வைக்கும்) வசதி உண்டு. சினாலஜி பயன்படுத்தும் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறையில், சேமித்த ஒவ்வொரு தரவுக்கும் சரிபார்ப்பு எண் வைத்துக்கொள்ளலாம்; காலப்போக்கில் டிஸ்க்கில் ஏதேனும் சிதைந்தால் அது தெரியவரும், இணை டிஸ்க்கில் நல்ல பிரதி இருந்தால் அதைக்கொண்டு சரிசெய்யப்படும். பகிர்வுக் கோப்புறையை உருவாக்கும்போதே இந்தத் தேர்வைக் குறித்துவிடுங்கள். கியூநாப் 464-உடன் வரும் கியூடிஎஸ் இயங்குதளம் இஎக்ஸ்டி4 முறையைப் பயன்படுத்துகிறது. அதில் தரவுக்கான சரிபார்ப்பு எண் கிடையாது. பெட்டி செத்துப்போனால் என்ன ஆகும் என்பதிலும் இதே சாய்வுதான். சினாலஜியின் டிஸ்க்குகளை ஒரு லினக்ஸ் கணினியில் பொருத்திப் படிக்கும் முறையை அந்நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. கியூநாப் தனக்கென மாற்றியமைத்த அடுக்குகளைப் பயன்படுத்துவதால், அதன் டிஸ்க்குகள் பொதுவான லினக்ஸில் அவ்வளவு எளிதாகத் திறப்பதில்லை; இன்னொரு கியூநாப் தேட வேண்டிவரும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நண்பரின் பக்கத்தையும் சோதிக்காமல் விடக்கூடாது, ஏனெனில் மென்பொருளை நம்பி வாங்குகிறவர் அந்நிறுவனத்தின் மனமாற்றங்களையும் சேர்த்தே வாங்குகிறார். 2024-இல் தன் இயங்குதளமான டிஎஸ்எம்மின் 7.2.2 பதிப்பு வந்தபோது சினாலஜி தன் வீடியோ ஸ்டேஷன் செயலியை நீக்கியது. எச்இவிசி என்ற சுருக்க வடிவில் உள்ள காணொளிகளைப் பெட்டியிலேயே கையாளும் வசதியையும் எடுத்துவிட்டு, அந்த வேலையைக் கைபேசியிடமும் கணினியிடமும் தள்ளியது. 2025-இல் உங்கள் 925+ உட்பட்ட புதிய பிளஸ் வரிசைக்குத் தன் பெயரிட்ட அல்லது தான் சான்றளித்த டிஸ்க்குகள் மட்டுமே பொருந்தும் என்று அறிவித்தது. கடும் எதிர்ப்பு எழுந்தபின், அக்டோபரில் வெளிவந்த டிஎஸ்எம் 7.3-இல் பிற நிறுவன ஹார்ட் டிஸ்க்குகளுக்கு மீண்டும் இடம் கொடுத்தது. எம்.2 வகை எஸ்எஸ்டிக்கு (சிறு அட்டை வடிவில் செருகும் சேமிப்பகத்துக்கு) மட்டும் கட்டுப்பாடு தொடர்ந்தது. பணம் கொடுத்து வாங்கிய பொருளின் பயனைப் பின்னர் குறைப்பதை நான் சரியென்று கருதவில்லை, அதை உங்களிடம் மறைக்கவும் விரும்பவில்லை. இருந்தாலும் ஒரு வசதியை இழப்பதும் படங்களையே இழப்பதும் ஒரே தரத்து இழப்புகள் அல்ல. பாதுகாப்புத் திருத்தங்களைப் பல ஆண்டுகள் ஒழுங்காகத் தந்துவருவதில் அந்நிறுவனத்தின் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என் முடிவைத் தீர்மானித்தது: 'மகன் இருப்பதால் பராமரிப்பு பற்றிக் கவலையில்லை.' மகன் அடுத்த ஆண்டு படிப்பு முடிந்து பெங்களூருக்கோ வேறெங்கோ வேலைக்குப் போகப்போகிறவர். பெட்டியோ ஏழெட்டு ஆண்டுகள் உங்கள் வீட்டில் இருக்கப்போகிறது. இரவில் அது விடாமல் பீப் ஒலி எழுப்பும்போது அருகில் இருக்கப்போகிறவர்கள் நீங்களும் உங்கள் மனைவியும். என் தொழிலில் வரும் அழைப்புகளில் ப்ராசஸர் மெதுவாக இருக்கிறது என்ற குறை அரிது. ஒரு டிஸ்க் பல மாதங்களுக்கு முன்பே செத்திருக்க, எச்சரிக்கை மின்னஞ்சல் அமைக்கப்படாததால் இரண்டாவதும் போகும்வரை யாருக்கும் தெரியவில்லை என்ற நிலைதான் அடிக்கடி வருகிறது. அமைப்புகள் குறைவாகவும் எச்சரிக்கைகள் தெளிவாகவும் இருக்கும் பெட்டியே உங்களுக்கு ஏற்றது. ஆகவே 925+-ஐ வாங்குங்கள் என்கிறேன். பென் டிரைவ் சோதனையில் உங்கள் படங்களில் பாதிக்கு மேல் டிவியில் ஓடவில்லை என்றால் மட்டும் இந்த முடிவை மறுபரிசீலனை செய்யலாம். அப்போதும், நாஸை மாற்றுவதைவிட எல்லா வடிவங்களையும் ஓட்டும் ஒரு சிறு ஸ்ட்ரீமிங் பெட்டியை டிவியில் செருகுவது சிக்கனமான தீர்வு.

வலுவான வன்பொருளோடு யூகிரீன் விற்கும் புதிய நாஸ்களைப் பற்றியும் மகன் கேட்கச் சொல்லியிருக்கிறார். அவற்றின் இயங்குதளம் 2024-இல் சந்தைக்கு வந்தது. நீண்டகால நடத்தையை மதிப்பிட இன்னும் காலம் போதவில்லை. ஆனால் அவற்றில் ட்ரூநாஸ் போன்ற திறந்த இயங்குதளத்தை நிறுவிக்கொள்ள முடிவதால், ஒரு நிறுவனத்தின் மனமாற்றத்துக்குக் கட்டுப்படாத வழி அது. மகன் தன் சொந்த வீட்டில், தன் பொறுப்பில் வைத்துக்கொள்ள மிகவும் பொருத்தமான தேர்வு என்று அவரிடம் சொல்லுங்கள்.

டிஸ்க்கைப் பொறுத்தவரை பெட்டியைவிடக் கூடுதல் கவனம் தேவை. 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையின் 2 முதல் 6 டிபி வரையிலான சில டிஸ்க்குகளில் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் என்ற பதிவு முறையை வெளிப்படையாகச் சொல்லாமல் பயன்படுத்தியது தெரியவந்தது. டிஸ்க் ஒன்று கெட்டு, புதியதை வைத்து ரெய்டை (ஒரு டிஸ்க் கெட்டாலும் தரவு தப்பும்படி டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் அமைப்பை) மறுகட்டமைக்கும்போது அந்த முறை மிகவும் தாமதிக்கும். ரெட் பிளஸ் அல்லது சீகேட் அயர்ன்வுல்ஃப் போன்ற, சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத வழக்கமான முறை) என்று உறுதியாகக் குறிப்பிட்டிருக்கும் டிஸ்க்கை வாங்குங்கள். தொடக்கத்தில் 8 டிபி டிஸ்க்குகள் இரண்டு போதும். ஒன்றின் பிரதியாக மற்றொன்று இருக்கும், கணினி கணக்கிடும் முறையில் பயன்படும் இடம் ஏறத்தாழ 7 டிபி. மற்ற இரண்டு இடங்களைக் காலியாக விட்டுவைத்து, தேவைப்படும்போது நிரப்புங்கள். சினாலஜியின் எஸ்எச்ஆர் முறை வெவ்வேறு அளவு டிஸ்க்குகளையும் ஏற்கும். நாஸில் இரண்டு டிஸ்க் இருப்பது காப்புப் பிரதி ஆகாது. ஒன்றில் அழிந்தது அந்த நொடியே மற்றொன்றிலும் அழியும். ஆகவே 8 டிபி வெளிப்புற டிஸ்க் ஒன்றும் வாங்கி, மாதம் ஒருமுறை அதில் பிரதி எடுத்து, உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

இரண்டு நிறுவனங்களுமே பெட்டியைச் சுற்றிய காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டக்கூடாது என்கின்றன. திருச்சியின் மே மாதத்துக்கு இது முக்கியம். பரணிலோ மூடிய அலமாரியிலோ வைக்காதீர்கள். யுஎஸ்பி வழியாக நாஸோடு பேசும் யுபிஎஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். மின்சாரம் நின்று மின்கலம் தீரும் முன் பெட்டி தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். டிஸ்க்குகளின் எண்ணிக்கையைப் பொறுத்து ஆண்டுக்கு 200 முதல் 300 யூனிட் வரை மின்சாரம் செலவாகும். உங்கள் இரண்டு மாதக் கணக்கில் எந்தப் படியில் போய் நிற்கும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வந்ததும் படங்களை உடனே ஏற்ற வேண்டாம். எச்சரிக்கை மின்னஞ்சலை உங்கள் முகவரிக்கும் மகனின் முகவரிக்கும் அமைத்து, முக்கியமில்லாத சில கோப்புகளை மட்டும் ஏற்றி, பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை வெளியே இழுங்கள். கோப்புகள் திறக்கின்றனவா, மின்னஞ்சல் வந்து சேர்கிறதா, டிஸ்க்கைத் திரும்ப வைத்து மறுகட்டமைப்பைத் தொடங்கும் படிகளை மகனின் உதவியின்றி நீங்களே செய்ய முடிகிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் 5 டிபியையும் ஏற்றத் தொடங்கலாம். பழைய வெளிப்புற டிஸ்க்குகளை மட்டும், உறவினர் வீட்டுப் பிரதி தயாராகும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.